பாட்டுக்கு அடியில் இருந்த குரல்

எங்கள் வீட்டு அலுமாரியில், அம்மாவின் சேலைகளுக்குப் பின்னால், ஒரு பிஸ்கட் ரின்னுக்குள் ஒரே ஒரு வீடியோ கசெற் இருந்தது. என்னுடைய நான்காவது பிறந்தநாளுக்கு எடுத்தது. அதில் அம்மா கதைக்கிறார். அடுத்த வருடம் தொண்டையில் கட்டி என்று கொழும்பில் ஒப்பரேசன் செய்து குரல்வளையையே எடுத்துவிட்டார்கள். அதன் பிறகு, போன வருடம் தவக்காலத்தில் கண்ணை மூடும்வரைக்கும், அவருடைய வாயிலிருந்து ஒரு சொல் வந்ததில்லை.

எனக்கு அந்தக் குரல் ஞாபகம் இல்லை. நாலு வயதில் கேட்டது எங்கேயாவது ஒரு மூலையில் இருக்கும், தேடினால் வரும் என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். நான் தேடாத மூலை இல்லை. எனக்குத் தாலாட்டுப் பாடிய, என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்ட ஒரு குரலை நான் மறந்துபோனேன் என்பது சின்ன வயதிலிருந்தே என் நெஞ்சில் கிடந்து உறுத்திய விஷயம். பள்ளிக்கூடத்தில் மற்றப் பிள்ளைகளின் தாய்மார் வாசலில் நின்று கூப்பிடும்போதெல்லாம் எனக்குக் கோபம் வரும். யாரோடு கோபம் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.

கசெற்றைப் போட்டுக் கேட்டால் போயிற்று என்று நீங்கள் நினைக்கலாம். அங்கேதான் எங்கள் ஊரின் கெட்டித்தனம் இருக்கிறது. அந்த நாளில் திருகோணமலையில் வீடியோ எடுப்பது வெளிநாட்டில் இருப்பவர்களுக்காகத்தான். பிறந்தநாள், சாமத்தியவீடு, கலியாணம், செத்தவீடு, எதுவானாலும் ஒரு கொப்பி கனடாவுக்கோ பிரான்சுக்கோ போகும். வீடியோக்காரர் எடுத்ததை அப்படியே தந்தால் அது அரைவேலை. பின்னால் இரையும் ஜெனரேற்றர், பீங்கான்கள் முட்டும் சத்தம், பிள்ளைகளின் சிணுங்கல், இதெல்லாம் வெளிநாட்டுக்குப் போனால் வெட்கக்கேடு. ஆகவே எல்லாச் சத்தத்தையும் எடுத்துவிட்டுத் தொடக்கத்திலிருந்து கடைசிவரைக்கும் சினிமாப் பாட்டுப் போட்டுத் தருவார்கள். அதற்கு மிக்சிங் என்று பெயர். மிக்சிங் இல்லாத கசெற்றை ஒருவரும் கையால் தொடமாட்டார்கள். செத்தவீட்டுக்குக்கூடச் சோகப் பாட்டு உண்டு. எங்கள் சத்தத்தை நாங்களே காசு கொடுத்து எடுப்பித்த ஆட்கள் நாங்கள்.

அம்மா அந்தக் கசெற்றில் கமெராவைப் பார்த்து நெடுநேரம் கதைக்கிறார். கனடாவில் இருந்த தன் அண்ணனுக்கு, என் மாமாவுக்கு, சேதி சொல்கிறார். கையை ஆட்டுகிறார், சிரிக்கிறார், என்னை இழுத்து முன்னால் விடுகிறார். அவருடைய வாய் திறக்கும்போதெல்லாம் ஒரு ஆண்பிள்ளை காதல் பாட்டுப் பாடுகிறான். நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது ரீவிக்கு மூக்கு முட்ட இருந்து அந்த உதடுகளைப் படிக்கப் பார்ப்பேன். அந்தப் பாட்டை இன்றைக்கும் எந்தக் கலியாணவீட்டில் கேட்டாலும் எழும்பிப் போய்விடுவேன்.

எங்களிடம் இருந்த பழைய வீடியோ டெக் எப்போதோ செத்துவிட்டது. அதை இரும்புக்காரனிடம் போட்ட பிறகு கசெற்றைப் பற்றி யாரும் கதைக்கவில்லை. அம்மா இருக்கும்போது அதைப் போட்டுப் பார்ப்பது அவருக்குப் பிடிக்காது என்பதும் ஒரு காரணம். ஆனால் முதலாம் ஆண்டுப் பூசை முடிந்து கோயிலிலிருந்து வரும் வழியில் அப்பா திடீரென்று நின்றார். அப்பா துறைமுகத்தில் இழுவைப் படகில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். மனத்தில் இருப்பதை வெளியே விடாத மனிசன். நடுத்தெருவில் நின்றுகொண்டு சொன்னார்:

"பிள்ளை, அவவின்ரை சத்தம் எனக்கும் மறந்துபோச்சு."

அவ்வளவு காலமும் அப்பாவிடம் அது பத்திரமாக இருக்கிறது, நான் இழந்தாலும் அவரிடம் இருக்கிறது என்ற நினைப்பில் நான் இருந்திருக்கிறேன். வீட்டில் ஒருவரிடமாவது இருந்தால் போதும் என்ற ஆறுதல் அது. அன்றைக்கு அதுவும் போனது.

வீட்டுக்கு வந்ததும் பிஸ்கட் ரின்னைத் திறந்தோம். கடற்காற்று விடுமா? சுருளின் ஓரத்தில் மாவைத் தூவினது மாதிரி வெள்ளையாகப் பூஞ்சணம். குரல் இல்லாவிட்டாலும் படத்தையாவது காப்பாற்ற வேண்டும், டிவிடியில் ஏற்ற வேண்டும் என்று அப்பா சொன்னார். ரவுணில் ஸ்ரூடியோ வைத்திருந்த ஒருவரிடம் கொடுக்கலாம் என்று நான் சொன்னேன். அப்பா மறுத்துவிட்டார். ஒன்றே ஒன்றுதான் இருக்கிறது, அதை வேறு ஆளின் கையில் விடமாட்டாராம். எங்கள் வீட்டில், எங்கள் கண்முன்னால்தான் அது ஓட வேண்டுமாம். அதில் எனக்கும் எதிர்க்கதை இல்லை.

சங்கதியைக் கேள்விப்பட்ட மாமா கனடாவிலிருந்து ஒரு கொம்போ றெக்கோடரை அனுப்பினார். ஒரு பக்கம் கசெற், மற்றப் பக்கம் டிவிடி, ஒரு பொத்தானை அமத்தினால் இதிலிருந்து அதற்கு ஏறும். கப்பலில் வரும் பெரிய பெட்டியில், சொக்லேற்றுக்கும் சவர்க்காரத்துக்கும் யாரோ போட்டுக் கழித்த சப்பாத்துக்கும் நடுவில், போர்வையால் சுற்றி வந்தது. மாமாவிடம் போன அந்தப் பிறந்தநாள் கொப்பி வீடு மாறும்போது எங்கேயோ தொலைந்துவிட்டது. அந்தக் கவலைக்கு அவர் செய்த பிராயச்சித்தம் அது என்று நினைக்கிறேன்.

அப்பா பொறுமையான ஆள், ஆனால் அன்றைக்கு இல்லை. நான் கந்தோரில் வேலை முடிந்து வரும்வரை காத்திருக்காமல், பிளக்குக்கு ஒரு அடப்ரர் வாங்கிப் பூட்டி, சுவிச்சைப் போட்டிருக்கிறார். கனடாவில் கறண்ட் எங்களுடையதில் பாதிதான். நான் படலையைத் திறக்கும்போதே எரிந்த மணம் வந்தது. அப்பா விறாந்தையில் கதிரையில் இருந்து வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். தெருவில், ரவுணுக்குள் மாடு மாதிரித் திரியும் மான்களில் இரண்டு யாரோ எறிந்த வாழைப்பழத் தோலைத் தின்றுகொண்டு நின்றன. எங்கடை கறண்ட் சரியில்லை என்று மட்டும் சொன்னார்.

நல்லகாலம், கசெற்றை உள்ளே போட்டிருக்கவில்லை. எரியாமல் இருந்திருந்தாலும் அந்த மெஷின் எங்களுக்கு உதவாது என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. கனடா ரீவி ஒரு முறை, எங்கள் ரீவி வேறு முறை. இங்கே எடுத்த கசெற்றை அங்கத்தைய மெஷினில் போட்டால் கோடும் புள்ளியும்தான் வரும். வெளிநாட்டுச் சாமான் என்றால் எல்லாம் வேலை செய்யும் என்று நினைப்பது எங்களுடைய பழைய வருத்தம், மருந்தில்லாத நோய். மாமாவிடம் எரிந்த கதையைச் சொல்லவில்லை. நன்றாக வேலை செய்கிறது என்று அப்பா போனில் சொன்னதைக் கேட்டு நான் குசினிக்குள் போய்விட்டேன்.

இனி நானே பார்த்து வாங்குவது என்று முடிவெடுத்தேன். இப்படியான மெஷின்களை இப்போது ஒருவரும் செய்வதில்லை. பாவித்ததுதான் கிடைக்கும். ஒவ்வொரு மொடலைப் பற்றியும் வாசித்தேன். பெயர் ஒன்று போலவே இருக்கும், ஆனால் சிலது கசெற்றையும் டிவிடியையும் போட்டுப் பார்க்க மட்டும்தான், ஒன்றிலிருந்து ஒன்றுக்கு ஏற்றாது. அப்படி ஏமாந்துபோய் வயிறெரிந்து எழுதியவர்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். கந்தோரில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் அவர்களுடைய புலம்பல்களை வாசிப்பது எனக்கு ஒரு பொழுதுபோக்காகிப்போனது.

அப்படி வாசிக்கும்போதுதான் அது கண்ணில் பட்டது. எங்கேயோ ஒரு நாட்டில் ஒருவர் தன் தகப்பனின் பழைய கசெற்றைப் பற்றி எழுதியிருந்தார். வீடியோ கசெற்றில் சத்தம் இரண்டு இடத்தில் பதியுமாம். ஒன்று நாடாவின் ஓரத்தில் ஒரு மெல்லிய கோடாக. மற்றது படத்துக்கு அடியில், படத்தோடு சேர்ந்து. சாதாரண மெஷின் ஓரத்தில் உள்ளதை மட்டும்தான் வாசிக்கும். பிறகு ஒரு பாட்டைப் போட்டு மாற்றும்போதும் ஓரத்தில் உள்ளதுதான் அழியும். அடியில் இருப்பதை அழிக்கவேண்டுமென்றால் படத்தையும் அழிக்க வேண்டும். எடுத்த கமெரா நல்லதாக இருந்து, ஓட்டும் மெஷினில் அடியில் உள்ளதை வாசிக்கும் ஹைஃபை இருந்தால், பாட்டுக்கு அடியில் பழைய சத்தம் அப்படியே கிடக்குமாம்.

நான் சோற்றுக் கையோடு எழும்பி நின்றுவிட்டேன். பக்கத்து மேசைக்காரி என்ன நடந்தது என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்று சொன்னேன். எங்களுடைய டெக் மலிவான ஒற்றைச் சத்த டெக். அது ஓரத்தை மட்டும் வாசித்து எங்களுக்குக் காதல் பாட்டைக் காட்டிக்கொண்டிருந்த அவ்வளவு காலமும் அம்மா அடியில் கதைத்துக்கொண்டு இருந்திருக்கலாம்.

பின்னேரம் அப்பாவிடம் சொன்னேன். அவர் ஆசைப்படவே இல்லை, எரிச்சல்பட்டார். எல்லாத்தையும் அழிச்சாச்சு எண்டு வீடியோக்காரனே சொன்னவன், நீ இப்ப என்ன கதை கொண்டு வாறாய் என்று கேட்டார். ஆனால் கொஞ்ச நேரத்தில் தானாகவே வந்து, வீடியோக்காரர் தோளில் வைத்து எடுக்கிற பெரிய கமெராதான் கொண்டுவந்தவர் என்றார். கசெற்றைக் கமெராவிலிருந்து கழற்றிக் கொண்டுபோய்ப் பாட்டுப் போட்டு அதே கசெற்றைத்தான் திருப்பித் தந்தவர், கனடாவுக்குத்தான் கொப்பி போனது என்றும் சொன்னார். அதைச் சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் போய் மரங்களுக்குத் தண்ணீர் விட்டார். ஏற்கெனவே மழை பெய்து நனைந்திருந்த மரங்கள்.

கிண்ணியாப் பக்கம், குறிஞ்சாக்கேணியில், களப்போரம் ஒரு முஸ்லிம் நானா இருக்கிறார், மத்திய கிழக்கில் வேலை செய்து திரும்பி வருகிறவர்களின் சாமான்களை வாங்கி விற்பவர், அவரிடம் இரண்டு கொம்போ கிடக்கிறது என்று கந்தோரில் ஒருவர் சொன்னார். சனிக்கிழமை காலையில் அப்பாவும் நானும் ஓட்டோவில் போனோம். கசெற்றைக் கொண்டுபோகவில்லை. சீனக்குடா தாண்டிப் பாலத்தில் ஏறும்வரைக்கும் அப்பா துறைமுகத்தையே பார்த்துக்கொண்டு வந்தார். பாலத்தில் ஏறியதும், கிடைக்காவிட்டால் மனத்தை விடக்கூடாது என்றார். எனக்குச் சொன்னாரா தனக்குச் சொன்னாரா தெரியாது.

நானா எங்களை இருத்தித் தேத்தண்ணி தந்த பிறகுதான் சாமானைக் காட்டினார். ஒன்று வெள்ளி நிறம், பெரியது, முகம் முழுக்க வெளிச்சம், கீறல் இல்லை, பெட்டியும் றிமோட்டும் உண்டு. மற்றது கறுப்பு, ஒரு மூலை நெளிந்து, றிமோட் இல்லை. அப்பாவின் கண் வெள்ளி நிறத்தை விட்டு அசையவில்லை. நான் இரண்டையும் தூக்கித் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தேன். வெள்ளியில் டிவிடி போட்டுப் பார்க்கத்தான் முடியும், பதியாது. பதிய வேண்டுமென்றால் அதோடு இன்னொரு மெஷினைப் பூட்ட வேண்டும். ஹைஃபை என்ற எழுத்தும் அதில் எங்கேயும் இல்லை. கறுப்பில் நெளிந்த மூலைக்குப் பக்கத்திலேயே அந்த எழுத்து அரைகுறையாகத் தேய்ந்து இருந்தது. பதியவும் செய்யும்.

அப்பாவும் நானும் அந்த மனிசனின் வீட்டில் வைத்துச் சண்டை பிடித்தோம். சொல்லவே வெட்கமாக இருக்கிறது. நெளிந்த சாமானுக்குள் அந்தக் கசெற்றை விடமாட்டேன், நாடாவைச் சப்பிவிட்டால் நீ பொறுப்பா என்று அவர் கேட்டார். வடிவான மெஷினில் போட்டு அந்தப் பாட்டைத் திரும்பவும் கேட்பதற்கா இவ்வளவு தூரம் வந்தோம் என்று நான் கேட்டேன். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. இந்தப் பழைய மெஷின்களுக்கு நாடாவைச் சப்புவது ஒரு பழக்கம். சப்பினால் அம்மாவின் முகமும் போய்விடும். வெள்ளியை எடுத்தால் முகம் நிச்சயம், குரல் இல்லை. கறுப்பை எடுத்தால் குரல் வரலாம், முகமும் போகலாம். அதுதான் எங்கள் முன்னால் இருந்த தெரிவு.

நானா இடையில் வரவில்லை. நாங்கள் ஓய்ந்த பிறகு, உள்ளே போய் ஒரு பழைய கிரிக்கெட் மாட்ச் கசெற்றை எடுத்துவந்து கறுப்புக்குள் போட்டார். ஓட்டினார், நிறுத்தினார், பின்னுக்கு ஓட்டினார், திரும்ப ஓட்டினார். நாடாவை வெளியே எடுத்துச் சூரியனுக்குப் பிடித்து எங்களுக்குக் காட்டினார். கீறல் இல்லை. அப்படியிருந்தும், நான் உத்தரவாதம் தரமாட்டேன் மகள், சாமான் கிழடு என்றார். எந்தக் கசெற் என்று அவர் கேட்கவில்லை. அப்பாதான் சொன்னார், மனுசியின்ரை என்று. நானா தலையை ஆட்டிவிட்டு மெஷினைத் தான் உடுத்துகிற ஒரு சாரத்தால் சுற்றித் தந்தார். சாரத்தைத் திருப்பித் தரத் தேவையில்லை என்றும் சொன்னார்.

அப்பா கறுப்பைத் தன் மடியில் வைத்துக்கொண்டுதான் வந்தார். ஒவ்வொரு குழியிலும் ஓட்டோக்காரனை ஏசினார்.

பூஞ்சணம் துடைப்பது பெரிய வேலை. கசெற்றின் ஆணிகளைக் கழற்றிச் சுருளை வெளியே எடுத்து, மெல்லிய துணியால் தொட்டும் தொடாமலும் துடைக்க வேண்டும். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு செய்தேன். அப்பா எனக்குப் பின்னால் நின்று, மெல்ல, மெல்ல என்று சொல்லிக்கொண்டே இருந்தார். துணியில் வந்த வெள்ளைப் பொடியைக்கூட அவர் உடனே எறியவில்லை.

ஞாயிறு பூசைக்குப் போய்வந்து, சாப்பிட்டு, கதவைச் சாத்திவிட்டு இருந்தோம். வெறும் டிவிடியை ஒரு பக்கமும் கசெற்றை மறுபக்கமும் போட்டேன். என்ன ஆனாலும் முதல் ஓட்டத்திலேயே பதிந்துவிட வேண்டும், இரண்டாம் ஓட்டத்துக்கு நாடா தாங்குமோ தெரியாது. பொத்தானை அமத்தினேன். மெஷின் ஒருமுறை இருமியது. அப்பா என் கையைப் பிடித்தார். அவர் என் கையைப் பிடித்து வருடக்கணக்காகிறது.

படம் வந்தது. எங்கள் பழைய கூடம், கலர்க் கடதாசி, மேசையில் கேக். வழக்கமாகப் பாட்டுத் தொடங்கும் இடம் வந்தது. பாட்டுத் தொடங்கவில்லை. ஜெனரேற்றர் இரைந்தது. ஆம், ஊர் முழுக்க வெட்கப்பட்டு அழித்த அதே ஜெனரேற்றர். பீங்கான்கள் முட்டின. யாரோ ஒரு பிள்ளை அழுதது, நானாகத்தான் இருக்க வேண்டும். பிறகு ஒரு பெண் உரத்துச் சொன்னாள்:

"தம்பி, அந்த லைற்றைப் பிள்ளையின்ரை கண்ணுக்கு அடிக்காதைங்கோ."

அப்பாவின் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. அழுகையா சிரிப்பா என்று எனக்குத் தெரியவில்லை. படத்தில் அம்மா கமெராவுக்கு முன்னால் வந்தார். உதடு அசைந்தது. இந்த முறை அந்த உதட்டிலிருந்து சொல் வந்தது.

"அண்ணை, இஞ்சை பாருங்கோ உங்கடை மருமகளை. சாப்பாடு ஒண்டும் இறங்காது, வாய் மட்டும் வேலை செய்யும். நீங்கள் அனுப்பின சட்டைதான் இது. கொஞ்சம் பெரிசு. பரவாயில்லை, அடுத்த வருசமும் போடலாம்."

அவதான், அவதான் என்று அப்பா சொன்னார். துவாயால் முகத்தை மூடிக்கொண்டு, இப்பிடித்தான் கத்துவாள், துறைமுகத்தில நான் படகு கட்டேக்கை இவளின்ரை சத்தம் வீட்டில இருந்து கேட்கும் எண்டு சொல்லுவாங்கள் என்றார். தோள் குலுங்கக் குலுங்க அழுதார். பிறகு துவாயை எடுத்துவிட்டுச் சிரித்தார். அவருடைய முகத்தில் அப்படி ஒரு இளமையை நான் ஒருநாளும் கண்டதில்லை.

நானும் அழுதேன். ஆனால் உண்மையைச் சொல்கிறேன், அந்தக் குரலுக்காக நான் அழவில்லை. நான் காத்துக்கொண்டிருந்தேன். இப்போது உள்ளே ஏதோ ஒன்று அசையும், இதுதான், இதுதான் என்று உடம்பு சொல்லும் என்று காத்துக்கொண்டிருந்தேன். ஒன்றும் அசையவில்லை. கொஞ்சம் கட்டையான, மூக்கால் வரும், அவசரப்படும் ஒரு குரல். மீன்கடையில் எனக்குப் பின்னால் நின்று விலை கேட்கும் யாரோ ஒரு பெண்ணின் குரல் என்று சொன்னாலும் நம்பியிருப்பேன். அந்தப் பெண் என்னை மடியில் வைத்திருந்தாள், என் தலையைத் தடவினாள், என் கண்ணுக்கு வெளிச்சம் படக்கூடாது என்று சண்டை பிடித்தாள். எனக்கு அவளைத் தெரியவில்லை.

இதை யாரிடம் சொல்வது? வெட்கம் கெட்ட கதை. தாயின் குரலை முப்பது வருடம் தேடி, கண்டுபிடித்து, அந்நியமாக இருக்கிறது என்று சொல்கிற ஒரு மகளை ஊர் என்னவென்று நினைக்கும்? சொல்லவில்லை.

மாமாவுக்குப் போனில் கேட்க வைத்தோம். அண்ணை என்ற முதல் சொல்லிலேயே அந்தப் பக்கம் அவர் உடைந்துபோனார். தன்னுடைய தங்கச்சி தன்னைக் கூப்பிடுகிறாள் என்று திரும்பத் திரும்பச் சொன்னார். ஒருவரும் கேட்காமல் போன சேதி, அவ்வளவு காலத்துக்குப் பிறகு உரிய ஆளிடம் போய்ச் சேர்ந்தது. சொந்தக்காரர் ஒவ்வொருவராக வந்து கேட்டார்கள். எல்லோருக்கும் அந்தக் குரல் ஞாபகம் இருந்தது. எல்லோரும் அழுதார்கள், என்னைக் கட்டிப்பிடித்தார்கள், தாயைத் திருப்பிக் கொண்டுவந்த பிள்ளை என்றார்கள். நான் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்துக்கொண்டு நின்றேன்.

அப்பா இப்போது தினமும் விடிய எழும்பித் தேத்தண்ணியோடு அந்த டிவிடியைப் போடுகிறார். அம்மா சொல்வதற்கு அவர் மறுமொழி சொல்கிறார். சட்டை பெரிசு என்று அம்மா சொல்லும்போது, ஓம் பெரிசுதான் என்கிறார். நான் வேலைக்கு வெளிக்கிட்டுக்கொண்டே கேட்பேன். அவருக்கு நல்லது நடந்திருக்கிறது. அதை நான் மறுக்கவில்லை.

மெஷினைப் பற்றி இவ்வளவு சொன்ன நான், எனக்குத் தெரிந்த அம்மாவைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. எனக்குத் தெரிந்த அம்மா கதைக்காதவர். கதைக்காவிட்டாலும் அமைதியான ஆள் என்று நினைத்துவிடாதீர்கள். துறைமுகத்தில் எஞ்சின் இரைச்சலில் கயிறு கட்டுகிறவர்கள் காட்டும் கைச்சாடையை அப்பா வீட்டுக்குக் கொண்டுவந்து பழக்கியிருந்தார். அம்மா அந்தச் சாடையால் எங்கள் இரண்டு பேரையும் ஒரு கப்பலை மேய்ப்பது மாதிரி மேய்த்தார். கோபம் வந்தால் கரண்டியால் குசினிக் கதவில் அடிப்பார். கழுத்தில் இருந்த துளையை மறைக்க ஒரு வெள்ளைத் துணி கட்டியிருப்பார். அந்தத் துணிக்கு உள்ளால் மூச்சுப் போய்வரும் சத்தம் ஒன்று இருந்தது. மெல்லிய, ஈரமான, சீழ்க்கை அடிக்கப் பார்த்து வராமல் போகும் சத்தம். அவர் அறைக்குள் வருவதற்கு முதல் அது வரும். சிரித்தால் அது துண்டு துண்டாக உடையும். நான் காய்ச்சலில் கிடந்தால் அது என் காதுக்குப் பக்கத்தில் இருக்கும். அதைக் கேட்டுத்தான் நான் நித்திரையானேன், அதைக் கேட்டுத்தான் எழும்பினேன். அம்மா கோபமா, களைப்பா, நித்திரையா என்பதையெல்லாம் அதில்தான் அறிவேன். கோயிலில் எல்லோரும் மௌனமாக முழந்தாளில் நிற்கும்போது அந்தச் சத்தத்துக்கு ஆட்கள் திரும்பிப் பார்த்ததால் அம்மா ஞாயிறு பூசையை விட்டுவிட்டு ஆட்கள் இல்லாத நாட்களில் போகத் தொடங்கினார். கூட நான்தான் போவேன்.

அந்தச் சத்தம் எங்கேயும் இல்லை. ஒப்பரேசனுக்குப் பிறகு அம்மா எந்தக் கமெராவுக்கும் முன்னால் நிற்கவில்லை. போன் வந்த பிறகும் அப்படித்தான். நான் தூக்கினால் கையால் மறைப்பார், மாமா படத்தோடு அழைத்தால் எழும்பிப் போய்விடுவார். அந்த அம்மாவைக் காட்டும் ஒரு படம் இல்லை, ஒரு துண்டு வீடியோ இல்லை. அவரைத் தேடி எந்த மெஷினை வாங்குவது? எந்தப் பாலத்தைத் தாண்டுவது? நான் இழந்த ஆள் அவர்தான் என்பது, இழக்காத ஒரு குரலைக் கண்டுபிடித்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

போன கிழமை ஒருநாள் காலை, அப்பா டிவிடியை நிறுத்திவிட்டு எனக்கும் ஒரு கொப்பி எடுத்து வைக்கச் சொன்னார். நான் பக்கத்தில் இருந்து, அம்மாவின் அந்த மூச்சுச் சத்தம் உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டேன். அவர் முகம் சுருங்கியது. என் தலையில் கையை வைத்தார்.

"அதை ஏன் பிள்ளை நினைக்கிறாய்? அது அம்மா இல்லை. அது அவவுக்கு வந்த வருத்தம். இதுதான் உன்ரை அம்மா."

ஓம் அப்பா என்றேன். அவர் திரும்பப் பொத்தானை அமத்தினார். அந்தப் பெண் கதைக்கத் தொடங்கினாள், அப்பா சிரித்தார். நான் குசினிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, அவருக்குக் கேட்காமல் அழுதேன்.